சிக்கனம் என்றால் ஏன் முதலில் அடுப்படிக்குள் நுழைகிறோம்?

புதிதாகக் கல்யாணமான ஜோடிகள் "இனிமேல் செலவைக் குறைக்கப் போகிறோம்" என்று கிளம்பினால், முதலில் நிறுத்துவது பாத்திரம் தேய்க்க வரும் அக்காவைத்தான். அடுத்து கடை மாவு. அப்புறம் சனிக்கிழமை ராத்திரி பரோட்டா. மாதம் இரண்டாயிரம், மூவாயிரம் மிச்சமாகும்தான். ஆனால் அந்தப் பாத்திரத்தை இப்போது யார் தேய்க்கிறார்கள்? இருவருமே வேலைக்குப் போகும் வீட்டிலும் பெரும்பாலும் மனைவிதான். அவள் தூக்கத்தைக் குறைத்துச் சேர்த்த காசு அது. அதற்குப் பெயர் சிக்கனம் என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எதற்காகச் சேர்க்கிறோம் என்று முதலில் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எங்களுக்கு அது சென்னையில் ஒரு பழைய ஃப்ளாட். 50 லட்சம் என்று வையுங்கள். இந்த அளவு வீட்டுக்கு, ரிசர்வ் வங்கி விதிப்படி, வங்கி 80 சதவீதம் வரைதான் கடன் தரலாம். மீதி 10 லட்சம் நம் கைக்காசு. பத்திரச் செலவு தனி. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். அது நாலரை லட்சம். வீட்டின் விலையோடு சேர்த்து வங்கி அதைக் கணக்கில் எடுக்காது. ஆக மொத்தம் பதினாலரை லட்சம் கையில் வேண்டும். அஞ்சலக ஆர்.டி.யில் 6.7 சதவீத வட்டிக்கு மாதம் 20,000 கட்டினால், ஐந்து வருடத்தில் 14 லட்சத்து 27 ஆயிரம் வரும்.

மாதம் இருபதாயிரம்! காபித்தூளை மாற்றி இதை எடுக்க முடியுமா?

வீட்டுக்குள் குறைக்க வேண்டியதே இல்லை என்று சொல்லவில்லை. கரண்ட் பில்லையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாத ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், கூடுதலான யூனிட்டோடு போகாது, கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் விலை கூடிவிடும். ஏசி வைத்திருப்பவர்கள் நடுவில் ஒருமுறை மீட்டரைப் பார்த்துவிடுவது நல்லது. இதில் யாருடைய இடுப்பும் ஒடியாது.

பெரிய ஓட்டை இருப்பது வீட்டுக்கு வெளியே, சபையில். சொந்தக்காரர் விசேஷங்களுக்கு மொய், சீர் என்று செய்வதை எங்கள் மதுரைப் பக்கம் செய்முறை என்போம். மொய்யை நான் குறை சொல்ல மாட்டேன். நம் கல்யாணத்துக்கு வந்ததைத் திருப்பிச் செய்கிறோம், நோட்டில் இருக்கிறது, அது கடன் மாதிரி. ஆனால் நோட்டில் ஐந்நூறு இருக்க, "இப்போ நீங்க சென்னையில சம்பாதிக்கிறீங்கல்ல" என்பதற்காக ஐயாயிரம் எழுதுவது எந்தக் கணக்கு? அதற்கு ஒரு புதுப் பட்டு, ஊருக்குப் போக வாடகைக் கார், மண்டப வாசலில் வைக்க ஃப்ளெக்ஸ். ஒரு வைகாசி மாதம் போதும், வருடம் முழுக்க வீட்டில் மாவரைத்த மிச்சம் எல்லாம் காலி.

தாய்மாமன் சீர் இன்னும் சிக்கல். என் நாத்தனார் பிள்ளைக்குக் காதுகுத்து வந்தது, தாய்மாமன் என் கணவர்தான். தங்கம் விற்கிற விலையில் செயினா, மோதிரமா என்று பேச்சு. "தாய்மாமன் மோதிரத்தோட வந்து நின்னா சபையில நான் எப்படிடா நிமிர்ந்து நிக்கிறது?" என்றார் அத்தை. அவருக்கு நியாயமான கவலைதான், அவர் வளர்ந்த ஊரில் அதற்கு மதிப்பு இருக்கிறது. கடைசியில் நாத்தனாரே, "கடன் வாங்கி எனக்குச் செயின் போட வேண்டாம்டா, நாளைக்கு நீ என் வீட்டுக்கு வந்து போகணும், அது போதும்" என்று முடித்துவிட்டார். மோதிரமும் தட்டு வரிசையுமாக விசேஷம் நடந்தது. இரண்டு நாள் பேசினார்கள், அவ்வளவுதான்.

அதிலிருந்து எனக்கும் கணவருக்கும் நடுவே ஒரு ஏற்பாடு. அவர் பக்கம், என் பக்கம் இரண்டுக்கும் ஒரே அளவு. "வேண்டாம்" என்று சொல்ல வேண்டியிருந்தால் அவரவர் வீட்டில் அவரவர்தான் சொல்ல வேண்டும். மருமகள் சொன்னால் அது வேறு கதையாகிவிடும், தெரியாதா!

நகைக்கடைச் சீட்டையும் விட்டுவிட்டோம். பதினொரு மாதம் கட்டிவிட்டு முடிவில் நகையாகத்தான் வாங்க வேண்டும். சேதாரத்தில் தள்ளுபடி கிடைக்கலாம், ஆனால் பத்திரப் பதிவு அன்றைக்கு வளையலைக் கொடுத்தா முத்திரைத்தாள் வாங்க முடியும்? வங்கி டெபாசிட்டுக்கு இருக்கிற ஐந்து லட்ச ரூபாய் காப்பீடும் அந்தச் சீட்டுக்குக் கிடையாது. நகைதான் வேண்டும் என்பவர்கள் தாராளமாகக் கட்டட்டும்.

ஆர்.டி.யைக் கூட்டுக் கணக்காகத் தொடங்குவதென்றால் அஞ்சலகத்தில் இரண்டு வகை உண்டு. ‘பி’ வகையில் யாராவது ஒருவர் கையெழுத்துப் போட்டுப் பணம் எடுக்கலாம். ‘ஏ’ வகைக்கு இருவரும் போட வேண்டும். நாங்கள் ‘ஏ’ எடுத்திருக்கிறோம். சித்தப்பா மகள் கல்யாணம் என்றால் எனக்கும் மனசு இளகும், அவருடைய பங்காளி வீட்டு விசேஷம் என்றால் அவருக்கும் இளகும். ஒரே நாளில் இரண்டு பேருக்கும் இளகுவது கொஞ்சம் கஷ்டம்.