உண்மை மட்டும் போதாது
‘செய்தி உண்மையென்றால் அவதூறு வழக்கே நிற்காது’ என்று சொல்வது இந்தியாவில் பாதிதான் சரி. நஷ்டஈடு கேட்கும் சிவில் வழக்கில் உண்மையே முழு எதிர்வாதம். கிரிமினல் வழக்கு அப்படியில்லை. இப்போதைய குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் அவதூறு பற்றிய 356-ஆம் பிரிவின் (பழைய இ.பி.கோ. 499) முதல் விதிவிலக்கு, உண்மையோடு பொதுநலனையும் கேட்கிறது, இரண்டையும் நிரூபிப்பது எழுதியவர் பொறுப்பு. அதிகாரி லஞ்சம் வாங்கியதை எழுதினால் பொதுநலன் தெளிவு. அவர் வீட்டுச் சண்டையை எழுதினால், வரிக்கு வரி உண்மையானாலும் சிக்கல்தான். 2016-இல் உச்ச நீதிமன்றம் இந்தக் கிரிமினல் அவதூறுச் சட்டம் செல்லும் என்றது. பத்திரிகைகளுக்கு அது பெரிய இழப்பு. தயவுசெய்து, பிரசுரிக்கும் முன் சம்பந்தப்பட்டவரிடம் விளக்கம் கேட்டு அனுப்பிய மின்னஞ்சலைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். பொதுநலனுக்காக எழுதியவரைக் காக்கும், அதே பிரிவின் ஒன்பதாம் விதிவிலக்கு கேட்கும் நல்லெண்ணத்தை, அதாவது உரிய கவனம் எடுத்ததை, காட்ட அது உதவும்.