டாக்டர் ஐயா தடுப்பூசிக்கு எதிரானவர் அல்லர்

மறைந்த நம் குழந்தை நல டாக்டரைப் பற்றி ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: "பக்திமான், அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று சொல்லித் தடுப்பூசியைத் தவிர்த்தவர்." இது தவறு.

பக்தி உண்மைதான். ஆடித் திருவிழாவில் மனைவி மக்களோடு தேர்வடம் பிடிப்பார். அதே கோயில் மண்டபத்தில் கிளினிக் நாளன்று தோட்டத்துப் பிள்ளைகளின் பதிவேடுகளைப் புரட்டி, ஊசி விடுபட்ட பிள்ளையின் தாயை (பாட்டி கூட வந்திருந்தால் பாட்டியையும்) உரிமையோடு கடிந்துகொள்வார். என் அக்காவும் அப்படித் திட்டு வாங்கியவள்.

குழப்பம் எங்கிருந்து வந்தது என்று ஊகிக்க முடிகிறது. கொப்புளிப்பான் (சின்னம்மை) கண்ட ஆரோக்கியமான பிள்ளைக்குப் பெரும்பாலும் ஓய்வும் நீராகாரமும் போதும் என்பார். வேப்பிலை கட்டுவதைத் தடுக்க மாட்டார். ஆஸ்பிரின் மட்டும் கொடுக்கவே கூடாது, அது ஈரலையும் மூளையையும் தாக்கக்கூடும் என்று எச்சரிப்பார். அந்த நோய்க்கான தடுப்பூசி அரசாங்க இலவசப் பட்டியலிலும் இல்லை.

சின்னமுத்து (தட்டம்மை) வேறு நோய். நிமோனியாவில் கொண்டுபோய் விடும், உயிரையும் எடுக்கும். இலங்கையில் அதற்கான ஊசி 1984 முதல் போடப்படுகிறது, இப்போது எம்.எம்.ஆர். (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்குமான) ஊசியாக 9 மாதத்திலும் 3 வயதிலும் இலவசமாகக் கிடைக்கிறது. 2019இல் இந்நோயை நாடு ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. 2023இல் அது மீண்டும் தலைகாட்டியது.

அவர் பெயரைச் சொல்லி யாரும் பிள்ளையின் ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம். விடுபட்டிருந்தால் தோட்டத்துக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் பதிவேட்டைக் காட்டுங்கள், பிந்தினாலும் போடுவார்கள்.