ஆப்ப சோடா வேற, பேக்கிங் பவுடர் வேற

ஒருத்தங்க ஒரு கப் மைதாவுக்கு ரெண்டு ஸ்பூன் ஆப்ப சோடா கலந்தா செல்ஃப் ரைசிங் மாவு (கேக் உப்பி வர்றதுக்கானது ஏற்கனவே கலந்த மைதா) ரெடின்னு போட்ருக்காங்க, தயவுசெஞ்சு அப்படி பண்ணிடாதீங்க, நான் ஒருதடவை பண்ணி கேக் பழுப்பா வந்து வாயில வச்சா சோப்பு கரைச்ச மாதிரி இருந்துச்சு, எங்க வீட்டு நாய் கூட மோந்து பாத்துட்டு போயிடுச்சு.

போட வேண்டியது பேக்கிங் பவுடர். ஒரு கப் மைதாவுக்கு (125 கிராம் வரும்) தலைதட்டி ஒன்றரை டீஸ்பூன் பவுடர், கால் டீஸ்பூன் உப்பு, ரெண்டு மூணு தடவை சலிச்சுக்கோங்க, இல்லன்னா கேக் ஒரு பக்கம் மட்டும் உப்பி வரும். சோடா பொங்க தயிர், மோர், எலுமிச்சைன்னு ஏதாவது புளிப்பு வேணும், பவுடர்ல அந்தப் புளிப்பு ஏற்கனவே கலந்திருக்கு. அதோட சோடா மூணு நாலு மடங்கு வீரியம், அதனால அளவும் ஒண்ணு கிடையாது.

பவுடர் பழசா இருந்தா அரை ஸ்பூனை சுடுதண்ணில போடுங்க, புஸ்ஸுனு நுரைச்சா ஓகே, சும்மா கிடந்தா குப்பைல போடுங்க. அப்புறம் ஈஸ்ட் போடற பன்னு ரெசிபிக்கு இந்த மாவு வேண்டாம், சாதா மைதாவே எடுத்துக்கோங்க.