அஞ்சே இதழில் லோகிக்கு மூடுவிழா

லோகின்னா தோரோட தம்பி, பொய் பேசியே பொழைக்க குசும்புக் கடவுள். அமெரிக்கக் கம்பெனி மார்வெல் 2019 ஜூலையில ஆரம்பிச்ச அவனோட 'லோகி' காமிக்ஸ், நவம்பர்ல அஞ்சாம் இதழோட நின்னு போச்சு. எழுத்து டேனியல் கிபிள்ஸ்மித். "யாரும் படிக்கல, நிறுத்திட்டான்"னு இப்பவும் சொல்லுகாங்க. படிக்கதுக்கு எங்க மக்கா விட்டான்?

அமெரிக்கக் காமிக்ஸ் கடையில விக்காத இதழைப் பெரும்பாலும் திருப்பிக் குடுக்க முடியாது, நஷ்டம் கடைக்காரனுக்கு. அதனால அவன் கை நடுங்கிக்கிட்டேதான் ஆர்டர் போடுவான். வரப்போற இதழோட பட்டியல் ரெண்டு மூணு மாசம் முன்னாடியே வந்துரும். எண்ணிக்கையை மாத்த கடைசி நாள், இதழ் வர சுமார் மூணு வாரம் இருக்கையில. முதல் இதழ் விதவிதமான அட்டையால கூடுதலாப் போகும், ரெண்டாவதுல சரியும். நவம்பர் இதழுக்கான பட்டியல் ஆகஸ்ட்ல வரணும்; அப்ப வாசகன் கையில ஒண்ணோ ரெண்டோ இதழ்தான். ஆக, கம்பெனி எண்ணுனது கடைக்காரன் பயத்தை.

ஏன் சரியா அஞ்சு? இதழுக்கு 20 பக்கம், அஞ்சு சேர்ந்தா ஒரு தொகுப்புப் புத்தகம். அதைப் போட்டுக் கணக்கை முடிச்சிரலாம்.

இனி கதைக்கு வருவோம். சுசீந்திரம் தலபுராணம் நமக்குத் தெரியும். இந்திரன் நடுராத்திரியில கோழியாக் கூவி கௌதமரை ஏமாத்துனான், சாபம் வாங்குனான், இங்க வந்து சுத்தமானான்; 'சுசி'ன்னா சுத்தம். கோழி கூவுனதோட கதையை நிறுத்தியிருந்தா ஊருக்கு அந்தப் பேரே கிடையாது. லோகியும் சொந்த அப்பன் லாஃபே வாயில போய், வயித்தைக் கிழிச்சிட்டு வெளிய வந்து, பனி அரக்கர்களுக்கு ராஜா ஆனவன். பொய்யன் பொறுப்பைச் சுமக்கது எப்படின்னு காட்ட வேண்டிய கட்டம். அங்கதான் கத்தி விழுந்திச்சு.

எழுத்தாளர் மேலயும் குறை உண்டு. பிரபஞ்ச அளவுல ஒரு பெரிய முடிச்சை ரொம்ப சீக்கிரம் போட்டார். கடைசி இதழ்ல அதை அவுக்கவே பக்கம் பத்தல. ராஜா வேலையை விட்டுட்டு 'அயர்ன் மேன்' டோனி ஸ்டார்க்கிட்ட போய் நிக்க லோகி மாதிரி சின்னச் சின்ன குசும்புலதான் அவர் கை நல்லா ஓடுது.

நம்ம சிவகாசி லயன்-முத்து காமிக்ஸ்காரங்க வருசச் சந்தாவை முதல்லயே வாங்கிருவாங்க, அச்சடிக்கதுக்கு முன்னாடியே ஒரு பங்கு எண்ணிக்கை கையில இருக்கும். இங்க "தொகுப்பு வரட்டும், பாப்போம்"னு நாகர்கோவில்ல காத்திருக்கவன் அந்த அமெரிக்கக் கணக்குல வரவே மாட்டான். அவனைக் குத்தம் சொல்லவும் முடியாது. தனி இதழ் இங்க கிடைச்சாத்தானே!

படிக்கணும்னா முதல்ல, லாஃபே லோகியை முழுங்குன கதை வர 'வார் ஆஃப் த ரெல்ம்ஸ்' தொடர்ல 1, 6 இதழ். முழுங்குனது முதல் இதழ்ல, வெளிய வந்தது ஆறுல. பொறவு இந்த அஞ்சு. தொகுப்போட பேரு 'லோகி: தி காட் ஹூ ஃபெல் டு எர்த்'. பசி தீரலேன்னா அல் யூயிங் எழுதி லீ கார்பெட் வரைஞ்ச 'ஏஜென்ட் ஆஃப் அஸ்கார்ட்' இருக்கு, 2014-15ல வந்தது. அதுக்கு 17 இதழ் கிடைச்சுது. முதல்ல சொன்ன பொய் வளர்ந்து, திரும்பி வந்து லோகியையே கடிக்க நேரம் இருந்துச்சு.