பல்லிக்குச் செல்லாத வாரண்டி

ஃபிரிட்ஜுக்கு விலை பேசி, வங்கி அட்டையைக் கையில் எடுத்து, கால்வலியோடு வரிசையில் நின்று முடித்த பிறகுதான் அந்தக் கேள்வி வருகிறது. “ஆன்ட்டி, இன்னும் இரண்டு வருடத்துக்கு வாரண்டியை நீட்டித்துக்கொள்ளலாமே?” என்று கல்லாவில் இருக்கும் பிள்ளை குழைவாகக் கேட்கிறான். இந்தப் பொருள் பத்து வருடம் உழைக்கும் என்று ஐந்து நிமிடத்துக்கு முன்னால் சத்தியம் செய்தவனும் அவனேதான். பத்து வருடம் உழைக்கும் பொருளுக்கு இரண்டாம் வருடத்தில் என்ன கேடு வந்துவிடும் என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் தலையை ஆட்டினேன். 11,999 ராண்ட் விலையுள்ள பெட்டிக்கு மேல் 1,899 ராண்ட் அழுதேன்.

2022ஆம் ஆண்டு தீபாவளிக்கு முந்தைய வாரம் அது. உற்பத்தியாளர் தரும் ஒரு வருட வாரண்டி முடிந்த பிறகே நான் காசு கொடுத்து வாங்கிய காலம் தொடங்கும் என்பதைச் சொல்லாமல், “மூன்று வருடப் பாதுகாப்பு” என்று மொத்தமாகச் சேர்த்துச் சொன்னார்கள். 2024 பிப்ரவரியில், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வர்த்தில் எங்கள் தெருவுக்கு மின்சாரம் போய்த் திரும்பிய ஒரு மாலையில், பெட்டி ஒருமுறை முனகிவிட்டு அடங்கிப்போனது. உள்ளே இரண்டு நாளுக்குச் சமைத்து வைத்த மீன்குழம்பு இருந்தது. டர்பனின் பிப்ரவரி வெக்கையில் அது எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை இந்த ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பதினொரு நாள் கழித்து வந்த பழுதுபார்ப்பவர் பின்பலகையைக் கழற்றிப் பார்த்துவிட்டு, மின்சாரம் திரும்பும்போது ஏற்பட்ட மின்னழுத்த எழுச்சியால் கம்ப்ரசரின் மின்பலகை கருகிவிட்டது என்றார். ஆகவே வாரண்டி செல்லாதாம். 2008ஆம் ஆண்டிலிருந்தே விட்டுவிட்டு மின்வெட்டோடு குடித்தனம் நடத்திவந்த நாட்டில், மின்சாரத்தில் ஓடும் பொருளுக்கு, மின்சாரத்தால் வரும் கேட்டை மட்டும் விலக்கி வைத்து ஒரு உத்தரவாதத்தை விற்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! குடையை விற்றுவிட்டு, மழையில் விரித்தால் பொறுப்பல்ல என்று சொல்வதைப்போல இருக்கிறது.

அன்றிரவுதான் வாரண்டி நிபந்தனைகள் அச்சிட்ட அந்தச் சிறு புத்தகத்தை மூக்குக்கண்ணாடியோடு உட்கார்ந்து முழுதாகப் படித்தேன். துரு பிடித்தால் செல்லாது. கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊரில், உப்புக்காற்று வாசற்கதவின் கீலையே தின்றுவிடும் ஊரில், துரு செல்லாதாம். பூச்சியும் பல்லியும் எலியும் உள்ளே புகுந்து கெடுத்தாலும் செல்லாது. பக்கத்து வீட்டு அண்ணனுடைய ஏர்கண்டிஷனர் நின்றுபோனதற்குக் காரணமே மின்பலகையின் குறுக்கே விழுந்து கருகிக் கிடந்த ஒரு பல்லிதான் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. டர்பனில் பல்லி இல்லாத வீட்டை யாராவது காட்டினால் அவர்களுக்கு என் 1,899 ராண்டைக் கொடுத்துவிடுகிறேன். ரப்பர் பட்டை, விளக்கு, கைப்பிடி, உள்தட்டு எல்லாம் தேய்மானக் கணக்கில் போய்விடுகின்றன. மின்சாரமும் காற்றும் பூச்சியும் தேய்மானமும் போன பிறகு மிஞ்சுவது தொழிற்சாலையிலேயே நேர்ந்த குறைபாடு ஒன்றுதான். அப்படிப்பட்ட குறை பெரும்பாலும் முதல் சில மாதங்களிலேயே முகத்தைக் காட்டிவிடும்.

அந்த முதல் மாதங்களுக்கோ நமக்குச் சட்டமே துணையிருக்கிறது, அதுவும் இலவசமாக. 2008ஆம் ஆண்டின் 68ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2011 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. பொருள் தரமானதாகவும் நியாயமான காலம் வரை உழைப்பதாகவும் இருக்க வேண்டும் என்று அதன் 55ஆம் பிரிவு சொல்கிறது. குறைபாடுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் விற்றவரிடமே, அவருடைய செலவில், திருப்பிக் கொடுக்கலாம் என்கிறது 56ஆம் பிரிவு. பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்புவதா என்று முடிவு செய்யும் உரிமை வாங்கியவருக்குத்தான் உண்டு, கடை மேலாளருக்கு அல்ல. பழுது பார்த்துக் கொடுத்த பொருள் மூன்று மாதத்துக்குள் மீண்டும் கெட்டால், மாற்றித் தருவதையோ பணத்தைத் திருப்புவதையோ தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை. கல்லாவில் குழைந்து பேசும் அந்தப் பிள்ளை இதில் ஒரு வார்த்தையையாவது என்றைக்காவது சொல்லியிருக்கிறானா? அவனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, சொல்லச் சொல்லி அவனுக்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

தவணையில் வாங்குகிறவர்களின் கதை இதைவிட வயிற்றெரிச்சல். டர்பனின் இன்னொரு பகுதியான ஃபீனிக்ஸில் இருக்கும் என் தங்கை துணி துவைக்கும் இயந்திரத்தை முப்பத்தாறு மாதத் தவணைக்கு எடுத்தாள். நீட்டிப்புத் தொகையை அசலோடு சேர்த்துவிட்டார்கள். வாடிக்கையாளர் தாமாக விரும்பிச் சொன்னால் மட்டுமே அதை அசலில் சேர்க்கலாம் என்று 2005ஆம் ஆண்டின் தேசியக் கடன் சட்டம் 102ஆம் பிரிவில் சொல்கிறது. இவளிடமோ கேட்கவே இல்லை, விலைப்பட்டியலில் ஏற்கெனவே அச்சடித்து நீட்டிவிட்டார்கள். பதின்மூன்றாம் மாதத்தில் தொடங்கப் போகும் ஒரு பாதுகாப்புக்கு முதல் மாதத்திலிருந்தே வட்டி கட்டுகிறாள் என்பதை அவளுக்குக் கணக்குப் போட்டுக் காட்டியபோது, “போன வருடமே சொல்லியிருக்கக் கூடாதா அக்கா?” என்று என்னிடம்தான் சண்டைக்கு வந்தாள்.

ரசீது விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்துக்குச் செல்லும் ஒப்பந்தத்துக்கு ஆதாரமாக அவர்கள் கொடுப்பது சூட்டில் அச்சாகும் காகிதத்துண்டு. ஒரு கோடை முழுவதும் சமையலறை மேசை இழுப்பறையில் கிடந்தால் அது கல்யாணப் பத்திரிகை உறையைப்போல வெறும் வெள்ளையாகிவிடுகிறது. வாங்கிய அன்றே கைபேசியில் படமெடுத்து வைக்காதவர்கள் தங்கள் வழக்கைத் தாங்களே தோற்றவர்கள்.

பழைய கோப்புகளைக் கிளறிப் பார்த்தேன். பதினைந்து வருடத்தில் ஐந்து பொருளுக்கு நீட்டிப்பு வாங்கி, மொத்தம் 6,740 ராண்ட் கொட்டியிருக்கிறேன். திரும்பி வந்தது ஒரே ஒருமுறை, மைக்ரோவேவுக்காக 600 ராண்ட், அதுவும் அதே கடையில் மட்டுமே செலவழிக்கக்கூடிய வவுச்சராக. அந்தக் காசை மாதாமாதம் ஒரு டப்பாவில் போட்டிருந்தால், ஃபிரிட்ஜின் மின்பலகையை மாற்றிய பிறகும் பாதிக்கு மேல் மிச்சம் இருந்திருக்கும். மின்சாரம் திரும்பியதும் சில நிமிடம் தாமதித்து இணைப்புக் கொடுக்கும் ‘ஃபிரிட்ஜ் கார்டு’ என்ற காவல் கருவி சில நூறு ராண்டுக்குக் கிடைக்கிறது. அதைக் கடையில் ஒருவரும் எனக்குக் காட்டவில்லை, அதில் அவர்களுக்கு என்ன லாபம் வந்துவிடும்? திடீர்ச் செலவைத் தாங்கவே முடியாத குடும்பம், மின்னழுத்த எழுச்சியும் அடங்கும் என்று எழுத்தில் கண்ட பிறகு வாங்கினால் நான் குறுக்கே நிற்கமாட்டேன். அப்படி எழுதியிருந்ததை இன்றுவரை என் கண்ணால் பார்த்ததில்லை.

போன வாரம் 349 ராண்டுக்கு ஒரு மின்கெட்டில் வாங்கினேன். அதற்கும் 79 ராண்டுக்கு நீட்டிப்பு வேண்டுமா என்று கேட்டான் வேறொரு பிள்ளை. எதெதற்குச் செல்லாது என்று அந்தப் புத்தகத்திலிருந்து வாசித்துக் காட்டச் சொன்னேன். எனக்குப் பின்னால் வரிசை முணுமுணுத்தது. அவன் புத்தகத்தைப் புரட்டினான், இரண்டாம் பக்கத்தில் நின்றான், பிறகு குரலைத் தாழ்த்தி, “நானும் இதைப் படித்ததில்லை ஆன்ட்டி” என்றான்.