அடுத்தவர் பெட்டிக்குள் நெய்ப் போத்தலை ஒளிக்கிறவர்களுக்கு

வெளிநாட்டில் சமையலறையோடு ஒரு வீட்டைச் சில நாட்களுக்கு வாடகைக்கு எடுத்து விடுமுறையைக் கழிக்கப் புறப்படுகிற யாழ்ப்பாணத்துக் குடும்பம் எதுவும் வெறுங்கையோடு போவதில்லை. அப்படிப் போகவேண்டிய அவசியமும் இல்லை. லண்டனில் ஒருவர், ரொறன்ரோவில் ஒருவர், ஊரில் ஒருவர் என்று சிதறிப்போன சகோதரங்கள் பல வருடங்களுக்குப் பிறகு பிரான்சின் ஏதோ ஒரு கிராமத்து வீட்டில் ஒரே கூரையின் கீழ் கூடும்போது, அந்த வீட்டு அடுப்பில் அம்மாவின் கறித்தூளில் குழம்பு கொதிக்க வேண்டும் என்று ஆசைப்படுவது மிக நியாயமான ஆசை. உணவகத்தில் பத்துப் பேர் ஒருநேரம் சாப்பிடுகிற காசில் அந்த வீட்டில் பல நாட்கள் சமைக்கலாம் என்பதும் உண்மை. "வெளிநாட்டுக்குப் போயுமா புட்டும் சொதியும்?" என்று மூக்கைச் சுளிப்பவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை. என் கோபமெல்லாம், "உதை ஒருத்தரும் பாக்க மாட்டினம்" என்று சொல்லிச் சொல்லியே, கொண்டுபோகக் கூடாததை அடுத்தவரின் பெட்டிக்குள் திணித்து, அதனால் கொண்டுபோகக் கூடியதையும் சேர்த்துக் குப்பைக்கு அனுப்புகிறவர்கள் மீதுதான்.

அந்தத் தூள் எப்படி உண்டாகிறது என்பதை யாழ்ப்பாணத்தில் பிறந்த எவருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை என்றாலும், அதைச் சொல்லாமல் இந்தக் கோபத்தை எழுத முடியாது. செத்தல் மிளகாயைக் காம்பு நீக்கி வெயிலில் காயவைத்து, மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம் ஒவ்வொன்றையும் தனித்தனியே அதனதன் பதத்துக்கு வறுத்து, கறிவேப்பிலையை மொறுமொறுப்பாக்கிச் சேர்த்து, மில்லில் காத்து நின்று திரித்து, சூடு ஆறும்வரை கடதாசியில் பரப்பிவைத்து, பிறகுதான் பையில் அடைக்கிறார்கள். பனங்கிழங்கைக் கிழித்துக் காயவைத்து ஒடியலாக்கி, அதை இடித்து அரித்து மாவாக்குவதற்குப் பிடிக்கும் நாட்களும் உழைப்பும் வேறு. முழங்கால் வலியோடு அடுப்படியில் நின்று இவற்றைச் செய்கிற பெண்களின் உழைப்பு ஒரு விமான நிலையத்தின் குப்பைத் தொட்டியில் முடிவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

பயணச் செய்தி ஊருக்குள் பரவியதும் பார்சல்கள் வரத் தொடங்கிவிடும். விமானச் சீட்டில் முப்பது கிலோ என்று எழுதியிருக்கிறது. நாங்கள் அதற்குள் எங்கள் உடுப்பையும், குளிருக்கான உடையையும், பத்துப் பேருக்கான சமையல் சாமானையும் அளந்து அளந்து வைக்கிறோம். அந்த நேரத்தில்தான், "கொஞ்சம்தான் பிள்ளை, ஒரு மூலைக்குள்ளை வையுங்கோ, மகன் வந்து எடுப்பான்" என்று ஒரு பை வந்து நிற்கும். அந்த மகன் இருப்பது எங்கள் வாடகை வீட்டிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால் என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டே அல்ல. பை நான்கு சுற்று ஒட்டுநாடாவால் சுற்றப்பட்டிருக்கும். உள்ளே என்ன என்று கேட்டால், "மாதான்" என்ற பதில் வரும். திறந்து பார்க்கட்டுமா என்று கேட்டால் முகம் சுருங்கிவிடும். தன் பெட்டிக்குள் போகப்போகிற பொருள் என்ன என்று ஒருத்தி கேட்பது எந்த ஊரில் அவமரியாதை? கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பெட்டியைக் கையளிக்கும்போது, "இதை நீங்களே அடுக்கினீர்களா? வேறு யாராவது ஏதேனும் தந்துவிட்டார்களா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு நான் பொய் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிற உரிமையை இவர்களுக்கு யார் கொடுத்தது?

விதிகள் இரகசியமானவை அல்ல, விளங்காதவையும் அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இலங்கை போன்ற வெளிநாட்டிலிருந்து வரும் பயணி இறைச்சியையோ இறைச்சி சேர்ந்த பொருளையோ, பாலையோ பாலில் செய்த பொருளையோ கொண்டுவரக் கூடாது. அளவு எவ்வளவு சிறிதாக இருந்தாலும் கூடாது. ஆகவே நெய் கூடாது, தயிர் கூடாது, சாதாரணப் பால்மாவும் கூடாது. குழந்தைகளுக்கான பால்மாவுக்கு 2 கிலோ வரை விலக்கு உண்டு. அதுவும் திறக்கப்படாத, குளிரூட்டத் தேவையில்லாத, கடையில் விற்கும் பொதியாக இருக்க வேண்டும். பழம், காய்கறி, இலை, விதை எல்லாவற்றுக்கும் 2019 டிசம்பர் 14 முதல் தாவர சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். அன்னாசி, தேங்காய், தூரியான், வாழைப்பழம், பேரீச்சம்பழம் ஆகிய ஐந்துக்கு மட்டும் அது தேவையில்லை. நம்மவர்கள் அதிகம் அஞ்சி, செய்தித்தாளில் சுற்றிச் சுற்றி ஒளிக்கிற கருவாட்டுக்கோ தடையே இல்லை: மீனும் மீன்பொருளும் தனிப்பட்ட பாவனைக்காக ஒருவருக்கு 20 கிலோ வரை கொண்டுவரலாம். சீலாக் கருவாட்டை வெளிப்படையாகக் காட்டிவிட்டுப் போகலாம். வறுத்துத் திரித்த தூளும், ஒடியல் மாவும், பாலும் இறைச்சியும் சேராத பருத்தித்துறை வடையும், எள்ளுருண்டையும் இந்தத் தடைகளுக்குள் வருவதில்லை. ஒளிக்கத் தேவையில்லாததை ஒளித்து, ஒளித்தாலும் கூடாததை அதற்குள் புதைத்து, இரண்டையும் ஒரே சந்தேகத்துக்குள் தள்ளிவிடுகிறார்கள்.

"எங்கடை சாப்பாட்டை அவங்களுக்குப் பிடிக்காது, அதுதான் எறியிறாங்கள்" என்று சொல்கிறவர்களும் உண்டு. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் இரட்டிப்பாகிறது. 2001இல் பிரித்தானியாவில் கால்நடைகளுக்குக் கால்-வாய் நோய் (கோமாரி) பரவியபோது ஆறு மில்லியனுக்கும் மேற்பட்ட விலங்குகள் கொல்லப்பட்டன. சட்டத்துக்கு மாறாக உள்ளே வந்த இறைச்சி, பன்றிகளுக்குப் போட்ட கழிவுணவில் கலந்ததே அதன் தொடக்கம் என்று நம்பப்படுகிறது. பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு விலகிய பின், 2021 ஜனவரியில், அங்கிருந்து நெதர்லாந்துக்குள் வந்த சாரதிகளின் இறைச்சி சாண்ட்விச்சைக்கூட அதிகாரிகள் பறித்தெடுத்தார்கள். 2025இல் ஜேர்மனியிலும் வேறு சில நாடுகளிலும் அதே நோய் தலைகாட்டியதும், ஒன்றியத்திலிருந்து பயணிகள் இறைச்சியும் பாற்பொருளும் கொண்டுவருவதைப் பிரித்தானியா தடுத்தது. எனவே லண்டனிலிருந்து பிரான்சுக்கு வருகிற தம்பியின் பைக்கும் இதே விதிதான். திரும்பிப் போகும்போதும் அதேதான். கறிவேப்பிலைக்கும் காரணம் உண்டு: தோடை, எலுமிச்சை மரங்களைப் பட்டுப்போக வைக்கிற ஒரு நோயைக் காவும் சிறு பூச்சி கறிவேப்பிலையிலும் வாழக்கூடியது. மாம்பழத்துக்குள் பழ ஈயின் புழு இருக்கலாம். விவசாயத்தில் பிழைக்கிற குடாநாட்டில் பிறந்த நமக்கு, ஒரு பூச்சி தோட்டத்துக்குள் புகுந்தால் என்னவாகும் என்பதை வெள்ளைக்காரன் வந்து சொல்லித்தர வேண்டுமா? வெங்காயத்தையும் புகையிலையையும் நோய்க்குப் பறிகொடுத்து அழுத குடும்பங்களிலிருந்து வந்தவர்கள், இன்னொரு நாட்டுக் கமக்காரனின் தோட்டத்தைப் பற்றி இவ்வளவு அலட்சியமாக இருக்கிறார்களே என்பதுதான் என்னை அதிகம் வருத்துகிறது.

அப்படியொரு பையை நான் வாசலிலேயே மறுத்துவிட்டேன். தந்தவர் தூரத்து உறவு. மறுத்ததற்காக ஒரு சொல்லும் சொல்லாமல் போனார். பிறகுதான் தெரிந்தது, நான் வெளியே போயிருந்த நேரம் பார்த்துத் திரும்பி வந்து, எழுபதைத் தாண்டிய என் அம்மாவின் கையில் அதைக் கொடுத்து, "மகளுக்குச் சொல்ல வேண்டாம், வெறும் அரிசி மாதான்" என்று சொல்லியிருக்கிறார். வயதானவர்கள் உறவுக்காரரின் முகத்தை முறித்து மறுக்க மாட்டார்கள் என்பதைத் தெரிந்துகொண்டே செய்த வேலை அது. அம்மா தன் பெட்டியின் அடியில், எங்கள் ஒடியல் மாவுக்குப் பக்கத்தில், அந்தப் பையை வைத்துவிட்டார்.

ஐரோப்பிய விமான நிலையம் ஒன்றில் இறங்கியபோது அதிகாரி ஒருவர், பெட்டியில் பால், இறைச்சி, பழம் ஏதேனும் உண்டா என்று கேட்டார், நான் மொழிபெயர்த்தேன், அம்மா மனதார "இல்லை" என்றார். பெட்டியைத் திறந்தார்கள். அரிசி மாவுக்குள் ஒரு நெய்ப் போத்தலும், துணியில் சுற்றிய கறுத்தக்கொழும்பான் மாம்பழங்களும் இருந்தன. ஒரு மாம்பழம் நசிந்து, சாறு மாவெல்லாம் ஊறிப் பக்கத்துப் பைகளிலும் பட்டிருந்தது. அதன்பிறகு பெட்டியிலிருந்த எந்தப் பொருளையும் அவர்கள் நம்பவில்லை. நம்பவேண்டிய கட்டாயமும் அவர்களுக்கு இல்லை. விவரச்சீட்டு இல்லாத ஒவ்வொரு பையும் பிரிக்கப்பட்டது. நெய்யும் பழமும் போனதோடு, ஒடியல் மாவும் போனது, ஈரம் பட்ட தூள்ப் பைகளும் போயின. ஊரிலிருந்து கட்டுநாயக்காவரை இரவிரவாக வான் வண்டியில் குலுங்கி வந்து, அதன்பின் விமானத்திலும் கால் வீங்கி இருந்த அம்மா, அந்த மேசையின் முன் நீண்ட நேரம் நின்றார். பொருள் போனதைவிட, தன்னை அந்த அதிகாரி பொய்சொன்ன கிழவியாகப் பார்த்தாரே என்பதுதான் அவரை உடைத்தது. வாழ்நாளெல்லாம் கடைக்காரர் பிழையாகத் தந்த மிச்சக் காசைக்கூடத் திருப்பிக்கொடுத்த மனுசி அவர். அதிகாரி கடுமையாக ஒரு சொல்லும் பேசவில்லை, அபராதமும் போடவில்லை. அவரில் எனக்குக் குறையில்லை. பையைத் தந்தவரிடம் தொலைபேசியில் சொன்னபோது அவர் கேட்டது, "அப்ப நெய்யை ஒருவழியாலும் எடுக்கேலாமல் போட்டுதோ?" என்பதுதான். அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதுவே அவுஸ்திரேலியாவாக இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. அங்கே விமானத்தில் தருகிற அட்டையில் உணவு உண்டா என்ற கேள்விக்குக் கையெழுத்திட்டுப் பதில் சொல்ல வேண்டும். பொய்யான பதிலுக்கு அபராதம் மட்டுமல்ல, விசாவையே இரத்துச்செய்யலாம். 2019 ஒக்ரோபரில் வியட்நாமிலிருந்து சிட்னியில் வந்திறங்கிய ஒரு பெண், அறிவிக்காமல் இறைச்சி முதலான உணவுப் பொருட்களைக் கொண்டுவந்ததற்காக விசா இரத்துச்செய்யப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டார். பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகிற ஒரு தாயின் விசாவை, யாரோ ஒருவரின் நெய்ப் போத்தல் பறித்துவிடலாம். உணவு உண்டு என்று எழுதிவிட்டுப் பெட்டியைத் திறந்து காட்டினால், கூடாததை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விடுவார்கள். அறிவித்தவருக்குத் தண்டனை இல்லை. இவ்வளவு எளிதான வழி இருக்கும்போது, ஒளிக்கும் வழியைத்தான் ஊர் முழுவதும் கெட்டித்தனம் என்று கற்பிக்கிறது.

சீட்டுப் பதிவுசெய்து தருகிற முகவர்களுக்கும் இதில் பங்குண்டு. விசாப் படிவம் நிரப்பக் காசு வாங்குகிறார்கள், காப்புறுதிக்குக் காசு வாங்குகிறார்கள், போகிற நாட்டில் எந்த உணவு கூடும் எது கூடாது என்று ஒரு துண்டுக் கடதாசியில் தமிழில் அச்சிட்டுத் தர மட்டும் அவர்களால் முடிவதில்லை. கைப்பையில் வைத்த ஊறுகாய்ப் போத்தலும் நல்லெண்ணெயும் 100 மில்லிலீற்றர் விதியில் பறிபோகும் என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? காய்ந்த கொப்பறாத் தேங்காயை, தானாகச் சூடேறித் தீப்பற்றக்கூடிய பொருட்களின் வகையில் விமான விதிகள் வைத்திருக்கின்றன என்பதைப் பெட்டிக்குள் கொப்பறா வைக்கிற எத்தனை பேர் அறிவார்கள்? விவசாயத் திணைக்களத்தின் தாவரத் தடுப்புக்காப்புச் சேவை கட்டுநாயக்காவில்தான் இருக்கிறது என்பதையும், சான்றிதழ் வேண்டியவர்கள் முறைப்படி அங்கே விண்ணப்பிக்கலாம் என்பதையும் எந்த முகவர் வாயிலிருந்தும் நான் கேட்டதில்லை.

வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் பட்டியல் சொல்கிற உறவுகளே, உங்களிடமும் கேட்கிறேன். பாரிசில் லாச்சப்பலுக்குப் போனால் கறிவேப்பிலை முதல் முருங்கைக்காய் வரை வாங்கலாம் என்பது உங்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். அப்படியிருந்தும், "ஊர் முருங்கைக்காய் மாதிரி வராது" என்று சொல்லி, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் வாங்கிய காயைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவரச் சொல்கிறீர்கள். உங்கள் ஏக்கம் எனக்கு விளங்குகிறது. நாட்டைவிட்டுப் போக நேர்ந்தவர்களின் நாக்கு ஊரைத் தேடுவதை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஏக்கத்துக்கான அபாயத்தை ஒரு வயதானவரின் பெட்டி ஏன் சுமக்க வேண்டும்? விமான நிலையத்தில் அந்த மேசையின் முன் நிற்கப்போவது நீங்கள் அல்லவே. பச்சைக் காயையும் இலையையும் நீங்கள் அங்கேயே வாங்கி வாடகை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள், தூளையும் மாவையும் கருவாட்டையும் பனங்கட்டியையும் நாங்கள் கொண்டுவருகிறோம், சேர்ந்து சமைக்கலாம். விதைக்கென்று கத்தரிக் கொட்டையையும் பயிற்றங் கொட்டையையும் கடித உறைக்குள் வைக்கச் சொல்வதையும் தயவுசெய்து நிறுத்துங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது எல்லாப் பையிலும் பெயர் எழுதுகிறோம்: என்ன பொருள், எதில் செய்தது, எத்தனை கிலோ என்று ஆங்கிலத்திலும், போகிற நாட்டு மொழியிலும். அம்மாவின் பெட்டிக்குப் பூட்டுப் போட்டுத் திறப்பை நான் வைத்திருக்கிறேன். அதை அவரே கேட்டுக்கொண்டார். பார்சல் தர விரும்புகிறவர்கள் பயணத்துக்கு ஒரு கிழமைக்கு முன், ஒட்டுநாடா சுற்றாத பையோடு, நான் வீட்டில் இருக்கும்போது வாருங்கள். உங்கள் முன்னாலேயே கொட்டிப் பார்த்து, கூடியதை நிறுத்து எடுத்துக்கொண்டு, கூடாததை உங்கள் கையிலேயே திருப்பித் தருவேன். உறவு கெட்டுவிடும் என்று என்னை எச்சரித்தவர்கள் இருக்கிறார்கள். மறைத்துவைத்த நெய்யால் என் அம்மாவைப் பிறநாட்டு மண்ணில் தலைகுனிய வைத்த உறவு அப்படிக் கெடுமானால், அது கெடட்டும்.