களைப்புக்கும் மருத்துவச் சான்றிதழ் வேண்டுமா?

எழுதுவதில்லை என்று மூன்று நாள் பொறுத்துக்கொண்டிருந்தேன். நேற்றிரவு என் சொந்தச் சித்தியே அந்தப் படத்தைப் பகிர்ந்து, கீழே ஒரு சிரிப்புக் குறியும் போட்டிருந்தார். இனிப் பொறுக்க முடியாது.

எந்தப் படம் என்று சொல்லத் தேவையில்லை. கிளிநொச்சி இரணைமடுக் குளக்கட்டு, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி, முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். முகம் தெரியவில்லை, ஆகவே யாரையும் குறிப்பிடவில்லை என்று படம் எடுத்த அண்ணர் விளக்கம் வேறு எழுதியிருக்கிறார். அண்ணர், அந்த மஞ்சள் குடை யாருடையது என்று எங்கள் வீதியில் நாய்க்குட்டிக்கும் தெரியும். 'உழைக்க வேண்டிய வயதில் காற்று வாங்கும் தலைமுறை' என்று தலைப்பு வைத்தீர்கள். கனடாவிலிருந்து மூன்று வாரம் வந்து நின்றீர்கள், அதற்குப் பெயர் விடுமுறை. நான் நான்கு மாதம் வீட்டில் இருக்கிறேன், அதற்குப் பெயர் சோம்பல்.

நான் களைத்துவிட்டேன். அதனால் வேலையை விட்டேன். இதற்கு மேல் இதில் ஒரு கதையும் இல்லை. ஆனால் ஊர் நம்ப மறுக்கிறது. "என்ன வருத்தம் பிள்ளை?" என்று கேட்கிறார்கள். வருத்தம் ஒன்றும் இல்லை என்றால் கேட்டவர்களின் முகம் விழுந்துவிடுகிறது. சீனி, பிரசர் என்று ஏதாவது சொல்லியிருந்தால் பழமும் ஹோர்லிக்ஸும் கொண்டுவந்து பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். நிறுவனத்தில் காசு எடுத்து அகப்பட்டுவிட்டேன் என்றும் ஒரு கதை ஓடுகிறதாம். திருடி என்றால் நம்புகிறார்கள், களைத்தவள் என்றால் நம்பமாட்டார்கள்.

2011இல் தொண்டு நிறுவனமொன்றில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு வயது இருபத்தொன்று. போர் முடிந்து, அகதி முகாமிலிருந்து வந்து தகரக் கொட்டிலில் இருந்த காலம். பரந்தனிலிருந்து முல்லைத்தீவு வரைக்கும், அதற்குள் பிரியும் கிரவல் வீதிகள் எல்லாவற்றிலும், பதினான்கு வருடம் மோட்டார் சைக்கிளில் படிவங்களோடு திரிந்தேன். குடும்பத்தில் எத்தனை பேர், இழந்தவர் எத்தனை பேர், கிணறு உண்டா, மலசலகூடம் எந்த வகை. திட்டம் மாறும், படிவத்தின் நிறம் மாறும், கேள்வி மாறாது. விசுவமடுவுக்கு உள்ளே ஒரு அம்மா ஒருநாள் கேட்டார், "பிள்ளை, போன வருடமும் மகனின் பெயரை எழுதிக்கொண்டு போனீர். அதற்கு முதல் வருடமும் எழுதினீர். அந்தக் கொப்பிகளை எல்லாம் எங்கே வைத்திருக்கிறீர்கள்?" என்னிடம் பதில் இல்லை. தேநீரைக் குடித்துவிட்டு மிச்சக் கேள்விகளைக் கேட்டு முடித்தேன். மறுநாள் அடுத்த வீடு.

வேலையை விட்ட கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். பங்குனி மாதம், வவுனியாவில் ஒருநாள் பயிற்சிப் பட்டறை. தலைப்பு: மன அழுத்த முகாமைத்துவம். சத்தியமாகத்தான். பஸ் வழக்கம்போல முறிகண்டியில் நின்றது. இறங்கிப் பிள்ளையாரைக் கும்பிட்டு, ஒரு சரை கச்சான் கடலை வாங்கி, மர நிழலில் உட்கார்ந்தேன். நடத்துனர் இரண்டு தரம் கூப்பிட்டார். சாரதி ஹோர்ன் அடித்தார். எனக்கு எழும்ப முடியவில்லை. கால் நோவு இல்லை, தலைச்சுற்று இல்லை. எழும்ப மனம் வரவில்லை, அவ்வளவுதான். பஸ் போய்விட்டது. கச்சான் முடியும்வரை இருந்துவிட்டு எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்தேன். அடுத்த வாரம் கடிதம் கொடுத்தேன்.

"யாருடைய காசில் சாப்பிடுகிறாய்?" என்று கேட்பவர்களுக்கு: பணிக்கொடைச் சட்டம் 1983இலிருந்து இருக்கிறது. ஒரு வருடச் சேவைக்கு அரை மாதச் சம்பளம். பதினான்கு வருடத்துக்கு ஏழு மாதம். கணக்குப் பார்த்துத்தான் விட்டேன். சேமலாப நிதியைத் தொடவில்லை, ஐம்பது வயதாகும்வரை முழுதாக எடுக்கவும் முடியாது. ஆனால் கலியாணம் செய்வதற்காக ஒரு பெண் வேலையை விட்டால் முன்னதாகவே எடுக்கலாம். 1958ஆம் ஆண்டுச் சேமலாப நிதிச் சட்டத்துக்கும் என் மாமிக்கும் இந்த விஷயத்தில் ஒரே மனம். ஒருத்தி வேலையை விடுவதற்குத் தாலி ஒரு காரணம். களைப்பு காரணமே இல்லை.

"வேலையில்லாப் பட்டதாரிகள் வீதியில் நிற்கும்போது இவளுக்கு வேலை கசக்கிறதா?" என்று ஒருவர் எழுதியிருந்தார். என் கதிரையில் இரண்டு கிழமைக்குள் ஒரு பட்டதாரிப் பிள்ளை வந்து உட்கார்ந்துவிட்டாள். அவளை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது.

இன்னொரு கேள்விக்கு என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். அடுத்த வளவு அக்கா, கணவர் இல்லை, மூன்று பிள்ளைகள், இருட்டோடு ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறார். தலையில் நுண்கடனும் இருக்கிறது. அவர் எந்த முறிகண்டியில் இறங்கி உட்கார்வார்? முடியாது. என்னால் முடிந்தது, அவரால் முடியாது. ஆனால் ஒன்று சொல்லுங்கள், அந்தப் படத்தைப் பகிர்ந்தது அந்த அக்காவா? அவர் ஒருநாள் வேலி ஓரம் நின்று, "நன்றாகப் படு பிள்ளை, எனக்கும் சேர்த்துப் படு" என்றார். வயிறு எரிந்தவர்கள் எல்லாரும் வயிறு நிறைந்தவர்கள்.

2022இல் நாடு விழுந்து கிடந்தபோது, வெளிநாடு போக விரும்பும் அரசாங்க ஊழியர்களுக்கு ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறை கொடுத்தார்கள். போனவர்களுக்கு மாலை போட்டுத்தானே அனுப்பினோம்? விமானம் ஏறினால் கெட்டிக்காரர், குளக்கட்டில் ஏறினால் சோம்பேறி.

வயல்கூடத் தரிசாகக் கிடக்கிறதே என்று அப்பாவிடம் ஒருமுறை நியாயம் பேசிப் பார்த்தேன். "வயல் தன் விருப்பத்தில் கிடக்கிறதா? குளத்தில் தண்ணீர் காணாது என்று சிறுபோகக் கூட்டத்தில் முடிவெடுத்ததால் கிடக்கிறது" என்றார். அவரிடம் உவமை எடுபடாது.

அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் விட நினைத்தேன். வேலையை விட்ட இரண்டாம் மாதம் ஒரு பின்னேரம் அவருக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். பேப்பரை விரித்து வைத்திருந்தார். வெகுநேரமாகப் பக்கம் திருப்பவில்லை. கேட்டால் மழுப்பினார். இரண்டு வருடமாக எழுத்துத் தெரியவில்லையாம். எனக்கு வேலை அதிகம் என்பதால் என்னிடம் சொல்லவில்லையாம். அந்த இரண்டு வருடத்துக்குள் மூன்று கிராமங்களில் கண் பரிசோதனை முகாம் நடத்தி, ஆட்களை வரிசையில் உட்காரவைத்துக் கண்ணாடி கொடுத்தவள் நான். படம் எடுத்து அறிக்கையும் அனுப்பினேன்.

"இனி என்ன செய்யப் போகிறீர்?" என்று கேட்கிறீர்கள். தெரியாது. 2008 கடைசியில், போருக்குள், கிளிநொச்சியிலிருந்து தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு என்று மூட்டை கட்டி நடக்கத் தொடங்கியபோது வயது பதினெட்டு. அதற்குப் பிறகு எங்கும் நிற்கவில்லை. இப்போது நின்றிருக்கிறேன். ஒருவரும் துரத்தாமல்.

அண்ணர், படத்தை நீக்க வேண்டாம். மடியில் இருக்கும் பை என்ன என்று கேட்டிருந்தீர்கள், பாலைப்பழம். ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் தந்திருப்பேன்.

கடைசியாக ஒன்று. நான் மத்தியானத்தில் படுத்திருக்கும்போது யாராவது வந்தால், அம்மா வெட்கத்தில் "அவள் குளிக்கிறாள்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். நான்கு மாதமாக நான் குளித்த குளிப்பில் இரணைமடுவே வற்றியிருக்க வேண்டும். ஆகவே இதற்குக் கீழே சண்டைக்கு வருகிறவர்கள் தாராளமாக எழுதிவிட்டுப் போங்கள். பதில் உடனே வராது. நான் குளித்துக்கொண்டிருப்பேன்.